கூரைப் பனியைத் தள்ளப் போனவர்

லண்டனில் நிலத்தில் தங்குகிற மாதிரிப் பனி பெய்வதே வருடத்தில் ஓரிரு நாள்தான். அந்த ஓரிரு நாளும் என் கணவரை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது. இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருடம் சுவிஸில் இருந்தவர். அங்கே விடிந்ததும் அவரவர் வாசல் பனியை அவரவர் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்களாம். இங்கே நோர்பரியில் எங்கள் தெருவே போர்த்துக்கொண்டு படுத்திருக்க, இவர் மட்டும் மண்வாரியோடு நிற்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன வருடம் சமையலறைக்கு மேலுள்ள சாய்ந்த கூரையில் சோலார் பேனல் பூட்டினோம். அன்று முதல் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று கைத்தொலைபேசியில் பார்ப்பதே அவருக்கு வேலை. தை மாதத்தில் ஒரு காலை, பனி பெய்து ஓய்ந்து, பேனலை மூடியிருந்தது. தொலைபேசியில் பூச்சியம். செத்தவீட்டுக்குப் போகிற முகத்தோடு ஏணியை எடுக்கப் போனார்.

அறுபத்திரண்டு வயது. ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயதா இது? சொன்னால் கேட்கவில்லை. பேனல் பூட்டிய தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, அண்ணையை ஏற விடாதேங்கோ. கண்ணாடி வழுக்கும். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே சூடேறி, ஸ்நோ தானாச் சறுக்கி விழும். தை மாசத்திலை வாற கரண்டே கொஞ்சம். ரெண்டு நாள் வராட்டில் என்ன குறையப்போகுது?”

ஏணியில் கால் வைத்திருந்தவருக்கு அதை அப்படியே கத்திச் சொன்னேன்.

“ஸ்நோவைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித் தாறாரோ? பேசாமல் ஏணியைப் பிடியும்.”

பிடித்தேன். விட்டுவிட்டுப் போக முடியுமா?

வாசலில் தள்ளிப் பழகிய கை. காலடியில் கிடப்பதிலிருந்துதானே அங்கே தொடங்குவார்கள். கூரையிலும் அப்படியே, தும்புத்தடியால், அந்த நீளக் காம்புத் துடைப்பத்தால், கீழ் விளிம்புப் பனியை இழுத்தார். மேலே இருந்ததையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்ததே அதுதான். முழுப் பனியும் ஒரே பாளமாகச் சறுக்கி வந்து ஏணியில் மோதியது. என் தோளிலும் விழுந்தது. நான் முழுப் பலத்தோடு பிடித்தும் ஏணி சரிந்தது. அவர் சீமெந்துத் தரையில் விழுந்து, அசையாமல் கிடந்தார். செத்துப்போனார் என்றே நினைத்தேன். அந்தச் சில நொடிகளுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கை முறிந்திருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்.

“கடைக்குப் போகேக்கை வழுக்கினது” என்றார் இவர். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

“பொய், டொக்டர். பேனலிலை கிடந்த ஸ்நோவைத் தள்ளப்போய் விழுந்தவர்.”

டாக்டர் சிரித்தார். “எங்க வீட்லயும் பேனல் இருக்கு சார். பனி பெஞ்சா நாங்க மேல பாக்கவே மாட்டோம்.”

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் தலையைத் தூக்கிக் கேட்டார்: “இண்டைக்கு உங்களுக்கு எவ்வளவு வருது?”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. “உங்களுக்குக் கரண்ட்தான் பெரிசோ? ஏணியடியிலை நான் நிண்டது கரண்டுக்கோ? நான் கத்தக் கத்த நீங்கள் அசையாமல் கிடந்தீங்கள்!”

டாக்டர் திரையை இழுத்துவிட்டு வெளியே போனார். இவர் என் நனைந்த தோளை அப்போதுதான் பார்த்தார்.

“உமக்கும் அடிபட்டதோ?”

விழுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் கோபத்தில்தான்.