ஒரு படித் தவிடு கொடுத்து வாங்கியவர்

இந்த மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கைப்பேசியில் பதினொரு தவறிய அழைப்புகள். பத்து அப்பாவிடமிருந்து, ஒன்று நிபோங் திபாலிலிருந்து. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளன். உற்பத்திக் கூடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. இரவு வேலை முடிந்து வெளியே வந்துதான் பார்த்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"தம்பி, மங்களம் போயிருச்சுடா," என்றார். "எந்திரிச்சு தண்ணி குடிச்சிச்சு. தலை வலிக்குதுன்னுச்சு. அவ்வளவுதான்லா."

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட என் சின்னம்மா மங்களேஸ்வரிக்கு வயது ஐம்பத்தொன்று.

பதினாறாம் நாள் காரியத்தில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீ எழுது என்றார் அப்பா. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. பண்பின் சிகரம், பொறுமையின் வடிவம் என்றெல்லாம் எழுதினால் சின்னம்மாவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. அதனால்தான் ஒத்துப்போனோம். அவர் வாழ்க்கையில் ஜெயித்த கதையை மட்டும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: சின்னம்மா பிறப்பால் சீனர். நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாக்கியம் என்ற பால்மரத் தொழிலாளி அவரைக் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தார். பாக்கியம் பெற்ற இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே இறந்துபோயிருந்தன. பிள்ளை தங்காத வீட்டில் நம்மவர்கள் ஒன்று செய்வார்கள். வாங்குகிற பிள்ளைக்கு ஒரு படித் தவிட்டைக் கொடுப்பார்கள். இவ்வளவு மலிவாக வந்த பிள்ளை எமன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று ஒரு கணக்கு. பாக்கியமும் அந்தக் குழந்தையின் தாய் கையில் ஒரு படித் தவிட்டைக் கொடுத்துவிட்டுத்தான் குழந்தையை வாங்கினார்.

தோட்டத்துப் பிள்ளைகள் சின்னம்மாவைத் "தவிட்டுச் சீனத்தி" என்று கேலி செய்வார்களாம். "நான் தவிட்டுக்காச்சும் வந்தேன். ஒன்னய சும்மா தூக்கிக் குடுத்தாக்கூட யாரும் வாங்க மாட்டாங்க" என்பாராம் இவர். நெற்றியில் பெரிய பொட்டு, வாயில் தோட்டத்துத் தமிழ், முகம் மட்டும் சீன முகம். ஜார்ஜ்டவுன் பசாரில் மீன்காரர்கள் அவரிடம் ஹொக்கியன் என்ற சீன மொழியில் விலை சொல்வார்கள். "அண்ணே, தமிழ்ல சொல்லு, இல்ல மலாய்ல சொல்லு. என் மூஞ்சிக்கு மட்டும்தான் ஹொக்கியன் தெரியும்" என்பார்.

முதல் கணவர் ஆயர் ஈத்தாமில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நாற்பது வயதில் சின்னம்மா அவரை இழந்தார். பிள்ளைகள் இல்லை. காரை விற்றுவிட்டு வீட்டோடு இரு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சின்னம்மா ஓட்டுநர் பயிற்சியாளர் தேர்வெழுதி உரிமம் வாங்கினார். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவருக்கென்று இடது பக்கம் ஒரு தனி பிரேக் இருக்கும். கணவர் உட்கார்ந்த அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆயர் ஈத்தாமில் பாதிப்பேர் அந்த பிரேக்கை நம்பித்தான் கார் பழகினார்கள்.

அவர்களில் என் அப்பாவும் ஒருவர். என் அம்மா இறந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா அதுவரை மோட்டார் சைக்கிள்தான். திடீரென்று கார் உரிமம் எடுக்கப் போகிறேன் என்றார். மேட்டில் காரை நிறுத்தி எடுக்கும் சோதனையில் தோற்றார். மறுபடி தோற்றார். மூன்றாவது முறையும் தோற்றபோது எனக்குத் தாங்கவில்லை.

"முப்பது வருஷம் துறைமுகத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின ஆளுப்பா நீங்க. மேட்டுல கார் பின்னுக்கு உருளுதுன்னா நான் நம்பணுமா?"

"அந்த கிளட்ச் வேற மாதிரிடா."

"எல்லா கிளட்ச்சும் ஒரே மாதிரிதான்."

"ஒனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

பழுது எங்கே என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒருநாள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். கார் இருபது அடி நகர்ந்திருக்காது.

"அண்ணே, கண்ணாடியப் பாருங்க. என்னய ஏன் பாக்குறீங்க? பின்னால வர்ற லாரி என் மூஞ்சிலயா தெரியுது?"

அப்பாவின் காது சிவந்தது. பழுது எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாக்கியம் பாட்டி அப்போதுதான் இறந்திருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் சின்னம்மாதான் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்தவர். ஓராண்டு துக்கம் கழியாமல் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. உரிமம் கிடைத்துவிட்டால் அப்பாவுக்கு அவரைப் பார்க்க ஒரு காரணமும் இருக்காது. அதனால் ஆண்டு முழுவதும் மேட்டில் காரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதாடா இஞ்சினியரு?" என்றார் சின்னம்மா, துக்கம் கழிந்ததும் நான் இதைச் சொன்னபோது. "வேணும்னே கோட்டை விடறாரு. பாவம்னு நானும் விட்டுட்டேன். ஆனா வருஷம் முடிஞ்சிருச்சி. இந்தத் தடவை பாஸ் பண்ணலேன்னா கல்யாணம் இல்லேன்னு சொல்லிட்டேன்."

அப்பா ஒரு பிழை இல்லாமல் தேறினார்.

பாக்கியம் பாட்டியின் தங்கை, எல்லாருக்கும் அவர் காளியம்மா சித்தி, முகத்தைச் சுளித்தார். "அண்ணேன்னு கூப்பிட்ட ஆளையாடி கட்டிக்கப்போறே?"

"படிக்க வந்த எல்லாரையும் அண்ணேன்னுதான் சித்தி கூப்பிட்டேன். இவரு ஒருத்தர்தான் பதிலுக்குத் தங்கச்சின்னு சொல்லல."

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு காலை, சின்னம்மா வீடு நிறைய ஆட்கள். வாசலில் ஒரு சீன மூதாட்டி வந்து நின்றார். பின்னால் அவர் பேரன், தோளில் ஒரு மூட்டையோடு. மூதாட்டி வேறு யாரையும் பார்க்கவில்லை. சின்னம்மாவையே பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. யாரும் யாரையும் அறிமுகப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

பாதி மலாய், பாதி தோட்டத்துத் தமிழில் பேசினார். குழந்தை பிறந்தது சீனர் கணக்கில் புலி ஆண்டு. கணவர் படுக்கையில் விழுந்தார். புலி ஆண்டுப் பெண் அப்பனுக்கு ஆகாது, கொடுத்துவிடு என்றார்கள். கொடுத்தார். "பாக்கியம் கேட்டுச்சி, நான் இருக்கற வரைக்கும் வராதேன்னு. சரின்னேன். வரலை. இப்ப பாக்கியம் இல்லை. கல்யாணம்னு கேள்விப்பட்டேன். வந்தேன்."

பேரன் மூட்டையை இறக்கினான். கோழித் தீவனக் கடையில் வாங்கிய தவிடு.

"பாக்கியம் குடுத்தது ஒரு படி. நான் ஒரு மூட்டை கொண்டாந்தேன். கல்யாணத்தன்னிக்கு ஒரு காலையில மட்டும் எம் பொண்ணா எங்க வீட்டுலேர்ந்து கெளம்பட்டும்."

சீனர் வழக்கத்தில் மணப்பெண் பெற்றவள் வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும். வெறுங்கையோடு கேட்கக் கூடாது என்று, தனக்குக் கொடுத்ததையே பல மடங்காகக் கொண்டுவந்திருக்கிறார். நம் வழக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. சித்திக்குத் தெரியும்.

"தவிட்டக் குடுத்து பிள்ளையத் திருப்பி வாங்க வந்துட்டியா? எங்கக்கா செத்து ஒரு வருஷந்தான் ஆவுது! தூக்கிட்டு வெளிய போ!"

நான் குறுக்கே புகுந்தேன். "சத்தம் எதுக்கு? டிஎன்ஏ எடுத்தா ரெண்டு வாரத்துல தெரிஞ்சிரும்."

"வாய மூடுடா," என்றார் சின்னம்மா. "மூக்கப் பாத்தும் ஒனக்குப் பத்தலையா?"

பிறகு அவர் மூட்டைக்கும் மூதாட்டிக்கும் நடுவில் போய் நின்றார். சரி என்றால் வளர்த்தவருக்குச் செய்யும் துரோகம். இல்லை என்றால் இவ்வளவு காலம் வாக்கைக் காப்பாற்றிவிட்டு வந்து நிற்கிறவர் திரும்பிப் போய்விடுவார். மறுபடி வரமாட்டார். அப்பா ஒரு நாற்காலியை எடுத்துவந்து அந்த அம்மாவுக்குப் போட்டார். அவ்வளவுதான் செய்தார். அது சரியான வேலை.

"அன்னிக்குக் குடுத்த தவிட்ட என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் சின்னம்மா.

"ஆத்துல கொட்டிட்டேன். கோழித் தீனிக்குப் பொண்ண வித்தவளுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. பாக்கியம் என்னயக் கேவலப்படுத்துதுன்னு நெனச்சேன்."

சின்னம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். செத்துப்போன இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். எமனைப் பற்றிச் சொன்னார். "அது வெலை இல்ல. நான் உசுரோட இருக்கணும்னு எங்கம்மா வேண்டிக்கிட்டது."

அந்த அம்மாவுக்கு இது புரிய நேரம் பிடித்தது. பேரன் இன்னொரு முறை ஹொக்கியனில் சொன்னான். புரிந்ததும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"இந்தத் தவிட்ட வாங்கமாட்டேன்," என்றார் சின்னம்மா. "வாங்கினா எங்கம்மா வளத்தது இல்லேன்னு ஆயிரும். மூட்டையத் தூக்கிட்டுப் போங்க." அந்த அம்மா எழுந்திருக்கப் போனார். சின்னம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க, முடிக்கல. ஒங்க வீட்டுலேர்ந்துதான் கெளம்புவேன். தவிடு வேணாம். சும்மாவே வர்றேன்."

"மங்களம்!" என்றார் சித்தி.

"சித்தி, அம்மா என்னய வாங்கினாங்க. பூட்டி வைக்கல."

கல்யாணத்தன்று விடியற்காலை நிபோங் திபாலில் அந்த வீட்டில் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். ஒன்றில் பெற்றவர். மற்றொன்றில் பாக்கியம் பாட்டியின் படம். சின்னம்மா பட்டுச் சேலையோடு மண்டியிட்டு, சீனர் கல்யாண வழக்கப்படி இருவருக்கும் தேநீர் வைத்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்த சித்தி இரண்டு கோப்பை குடித்தார். பிறகு மணப்பெண்ணே பயிற்சிக் காரை ஓட்டிக்கொண்டு ஜார்ஜ்டவுன் கோவிலுக்குக் கிளம்பினார். அந்த அம்மா இடது பக்கம். நானும் சித்தியும் பின்னால். முதல் சாலைச் சந்திப்பிலேயே அந்த அம்மா பயந்துபோய்க் காலை அழுத்த, கார் குலுங்கி நின்றது. பின்னால் நான்கு ஹாரன்கள்.

"இப்பதான் வந்தீங்க. அதுக்குள்ள பிரேக்கா?" என்றார் சின்னம்மா.

சித்திதான் முதலில் சிரித்தார்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள். ஞாயிறுதோறும் நிபோங் திபால் போய் அந்த அம்மாவை அழைத்துவருவார். நாங்கள் அவரைச் சீனம்மா என்று கூப்பிடப் பழகினோம். சின்னம்மா கடைசி வரை ஹொக்கியன் கற்றுக்கொள்ளவில்லை. சீனம்மாவின் தமிழ்தான் தேறியது. அப்பா என் அம்மா இறந்த பிறகு விட்டிருந்த பாட்டை மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தார், சுருதி இல்லாமல்.

சின்னம்மாவை எடுக்கும் நாளில் சீனம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். பெற்றவர் பிள்ளையை வழியனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மகன்களும் தடுத்தார்களாம். வந்தார். வாய்க்கரிசி போடும்போது தன் முறை வந்ததும் முன்னால் வந்து நின்றார். கைக்குட்டையை அவிழ்த்தார். ஒரு பிடி தவிடு. எல்லாரும் சித்தியைப் பார்த்தோம். சித்தி நகர்ந்து இடம் விட்டார். சீனம்மாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

சீனம்மா அரிசியோடு தவிட்டையும் சேர்த்துப் போட்டார். "ஐம்பத்தோரு வருஷம் வேலை செஞ்சிருக்கு," என்றார், "பாக்கியத்தோட தவிடு."

நான் அளந்து பார்க்காமல் எதையும் ஏற்பவன் இல்லை. இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

சின்னம்மா, நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாரையும் வைத்துக்கொண்டீர்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள். இனி நான் செய்யப்போவது:

1. பயிற்சிக் காரை விற்கமாட்டேன். விலை கேட்டவர்கள் இனிக் கேட்க வேண்டாம்.

2. பாதியில் நிற்கும் மாணவர்களை நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் இந்த வாரமே சேர்த்துவிடுவேன். அவர் திட்டமாட்டார். பழகிக்கொள்ளுங்கள்.

3. இடது பிரேக்கின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. புதிது மாற்றுவேன். பிரேக்கைக் கழற்றமாட்டேன்.

4. ஞாயிறு காலை அப்பாவை ஓட்டவைத்து நிபோங் திபால் போவேன். இடது இருக்கையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்க்கச் சொல்வேன். முதல் சில வாரம் முடியாது. பரவாயில்லை.

5. திரும்பும்போது சீனம்மாவை அந்த இருக்கையில் உட்காரவைப்பேன். எங்கே தோன்றுகிறதோ அங்கே அவர் பிரேக் போடட்டும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கட்டும்.