அத்தைக்கு இரண்டு முறை கல்யாணம்

எங்கள் அத்தைக்கு இரண்டு முறை கல்யாணம் நடந்தது. இரண்டு முறையும் மாப்பிள்ளை ஒருவரேதான், ஆகவே யாரும் பதற வேண்டாம்.

வீடியோ மோகம் சங்கராபுரம் பக்கம் அப்போதுதான் வந்திருந்தது. சீர்வரிசைப் பட்டியலில் கட்டில், பீரோவுக்கும் மேலே வீடியோவை எழுதினார்கள். எடுத்த டேப்பைப் போட்டுப் பார்க்க எங்கள் ஊரில் ஒரு வீடியோ டெக் கூடக் கிடையாது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அப்பாவும் கள்ளக்குறிச்சியில் ஒரு வீடியோக்காரருக்குச் சொல்லிவைத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் சின்னசேலம் பக்கத்திலிருந்து முந்தின நாளே கிளம்பி, பாதி வழி சைக்கிளிலும் மீதி வழி வரப்பிலுமாக வந்து சேர்ந்தார்கள். வீடியோக்காரர் வரவில்லை. முழங்கால் வரை சேறு அப்பிய வேட்டியோடு மாப்பிள்ளை தாலி கட்டியபோது, அத்தைக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை.

சம்பந்திக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"எங்க ஊர்ல நான் இன்னாத்த காட்டறது? வீடியோ இல்லாத கல்யாணம் கருமாதி மாதிரி கீதுன்றாங்க."

சாலைகள் திறந்து ஒன்றரை மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி நடத்துவது என்று முடிவாயிற்று. அதே பந்தல், அதே மேளம், அதே சாம்பார். இரண்டாவது முறை தாலி கட்டலாமா என்று குழம்பிய ஐயர், "முடிச்சு போடற மாதிரி கைய மட்டும் வச்சுக்கோங்க" என்று வழி கண்டுபிடித்தார்.

அத்தை மாமியார் வீட்டிலிருந்து வந்து இறங்கியதும் அப்பாவிடம் போனாள்.

"ண்ணா, இது முடிஞ்சதும் பத்து நாளு இங்கயே இருந்துட்டுப் போறேனே."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"மொதல்ல படம் புடிக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

அதே கல்யாண ரவிக்கை இப்போது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அம்மா பின்பக்கம் நாலு ஊசி குத்திவிட்டாள்.

வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். அத்தைக்கு வரவில்லை. "பொண்ணுக்கு வெக்கம்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டு, "தம்பி, நவுரு" என்று என்னைத் துரத்தினார். அன்று அவர் அதிகம் சொன்ன வசனம் அதுதான். அப்படியும் அந்த டேப்பில் மாப்பிள்ளையைவிட நான்தான் அதிக நேரம் வருகிறேன்.

கடைசியாக வழியனுப்பும் காட்சி.

"கோயில் வரைக்கும் போயிட்டு கார் திரும்பி வந்துடும்மா. பின்னாடி மலை தெரியணும், அதுக்குத்தான்" என்றார் வீடியோக்காரர்.

அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அப்டியே இருங்க! நிறுத்தாதீங்க!" வீடியோக்காரர் துள்ளினார். "எத்தினி கல்யாணம் எடுத்துகினு கீறேன், இந்த மாதிரி அழுவ பாத்ததே இல்ல!"

ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா மட்டும் அப்பாவைப் பார்த்து, "இன்னாங்க..." என்றாள்.

"தே, சும்மா இரு. படம் ஓடிக்கினு கீது" என்றார் அப்பா.

சம்பந்தி முன்சீட்டில் ஏறினார். அத்தையும் மாமாவும் பின்னால். கார் கிளம்பியது, நான் கூடவே ஓடினேன். மாரியம்மன் கோயிலை அது நெருங்கியபோது, தெருமுனையில் நின்ற வீடியோக்காரர் "போதும்" என்று காமிராவைத் தோளிலிருந்து இறக்கினார்.

கார் திரும்பவில்லை. கோயிலைத் தாண்டிச் சின்னசேலம் சாலையில் ஏறியது. ஏறினது ஏறியாச்சு, இன்னொரு தபா எதுக்கு இறங்கி ஏறணும் என்று சம்பந்தி சொன்னதாக டிரைவர் பிற்பாடு சொன்னார்.

அத்தை பின்கண்ணாடியில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு கையையும் தூக்கி டாட்டா காட்டினேன். காமிரா நின்ற பிறகும் இவ்வளவு நன்றாக நடிக்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை.