ஜோடியாகத் திருப்பிக் கொடுத்தவர்

டாக்டர் அருள்தாசன் ஐயா காலமான செய்தியை என் பேத்தி மெர்சிதான் சொன்னாள். வேலூரில் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஆயா, நம்ம டாக்டர் போய்ட்டாரு.” அடுப்பில் பொங்கிய பாலை இறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மெர்சி முட்டி வலி என்றாள். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் முட்டியைத்தான் படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஐயாவிடம் கொண்டுபோனோம்; அவர் அவளைப் படுக்கவைத்துக் காலை மெல்லத் திருப்பினார். இடுப்போரம் வலி தாங்காமல் துடித்துப்போனாள். “சத்தம் முட்டியில கேக்குது. திருடன் மேல ஒளிஞ்சிருக்கான்” என்றார். இடுப்பைப் படம் எடுத்ததும் தொடை எலும்பின் மேல்முனையில் கட்டி தெரிந்தது.

சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றபோது, ஊரிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றான் என் மகன். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கண்ட எடத்துல குத்தவிடாதே தம்பி. இன்னிக்கு ஊசி போற வழியையும் சேத்துதான் நாளைக்கு நான் வெட்டி எடுக்கணும். வழி தப்புனா காலே போயிடும்.” தாமே பேனாவால் தொடையில் கோடு போட்டார்.

புற்று என்று வந்தது. மருந்து ஏற்றி முடித்ததும் ஆபரேஷன். காலை எடுக்காமல் விடுவார்களா என்று கேட்க மகனுக்கு வாய் வரவில்லை. நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் பார்த்தவள். “சார், நாங்க ஒத்தையா எதையும் பொட்டியில வெக்க மாட்டோம். எம் பேத்தி கால ஜோடியாக் குடுங்க” என்றேன்.

“இன்னாம்மா, டாக்டராண்ட இப்டியா பேசுவ?” என்று மகன் நெளிந்தான்.

ஐயா சிரிக்கவில்லை. “அந்தக் கட்டி பெரிய நரம்பையும் ரத்தக்குழாயையும் புடிச்சிருந்தா என்னால முடியாது. பொய் சொல்ல மாட்டேன். விட்டிருந்தா ஜோடியாத் தர்றேன். ஆனா ரெண்டும் ஒரே சைஸ்னு மட்டும் கேக்காதம்மா.”

ஆபரேஷன் அன்று சாயங்காலம் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். “பேக்கிங் அம்மா, ஜோடி சரியா இருக்கு. எண்ணிப் பாத்துக்கோ.” கெட்ட எலும்பைக் கட்டியோடு எடுத்துவிட்டு உலோக எலும்பு வைத்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இடது கால் கொஞ்சம் குட்டைதான். என் கம்பெனியில் அந்தக் கால் செருப்புக்கு மட்டும் அடி உயர்த்திக் கொடுத்தார்கள். ஐயா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நான் விட்ட கொறைய உங்க ஆளுங்க முடிச்சிட்டாங்க” என்றார்.

அடக்கத்தன்று மெர்சி யார் கையையும் பிடிக்காமல் அவர் பெட்டிவரை நடந்துபோனாள். சர்ச் தரையில் ஒரு கால் மெல்ல, ஒரு கால் அழுத்தமாகக் கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாக நட என்று நான் சொல்லவில்லை. ஒன்றுபோல் இல்லாத அந்த இரண்டு சத்தம்தான் அவர் எனக்குத் தந்தது. தினமும் சாயங்காலம் அது வாசலில் வந்து நிற்கிறது.