ஒன்றாம் தர வலி

என் உம்மா ஜொஹரா பீவி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் பதினெட்டு வருடமாகத் தரம் பிரிக்கிறார். பருத்து வெளுத்த துண்டு ஒன்றாம் தரம். சுருங்கியது, பூச்சி அரித்தது எல்லாம் ஆறு, ஏழு. கையில் எடுத்தவுடனே சொல்லிவிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் உடம்பு முழுக்க வலி தொடங்கியது. தோளில் துணி உரசினால்கூடத் துடிப்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வேலை செய்ய மடி, சோம்பேறித்தனம் என்று கிடங்கில் கேலி பேசினார்கள். எர்ணாகுளத்தில் டாக்டர் மாதுரிதான் இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். அடி எதுவும் படாமலே மூளை வலியைக் கூட்டிக் காட்டுகிறதாம். மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. "காந்தம் வச்சுப் பார்ப்போம். எல்லாருக்கும் கேக்காது, சிலருக்குக் கேக்கும்" என்றார்.

உம்மா அப்போது லீவில் இருந்தார். ஓணம் கழிந்து வேலைக்குத் திரும்பாவிட்டால் அவர் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் உடனே சம்மதித்தார். ப்ளஸ் டூ முடித்திருந்த நான் கூடப் போனேன்.

காதில் கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தலையை ஒட்டி, காந்த அலை அனுப்பும் ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். மரங்கொத்தி மாதிரி டக்டக்கென்று தட்டும்! இருபது நாள் சிகிச்சை. தினமும் உம்மா தன் வலிக்கு ஒரு எண் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிடுவார். நான் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை.

பத்தாம் நாள் டாக்டர் தாளை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இத்தா, மொதல் நாள் ஒண்ணு. இப்ப ஆறு. கூடிக்கிட்டேல்ல போகுது? இன்னியோட நிறுத்திடலாம்."

"நிறுத்தவா? நேத்து நான் குழாயடியிலேருந்து ரெண்டு குடம் தூக்கினேன் டாக்டரே!"

"ஆறாம் நம்பர் வலியோடயா?"

"ஆறுன்னா கழிவுதானே? மொதல்ல வந்தப்ப இருந்ததுதான் ஒண்ணாம் தரம். அசல் சரக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உம்மா, இது சுக்கு இல்ல! பத்துதான் பெரிய வலி!"

"அத அந்தத் தாளுல எழுதக் கூடாதா?"

எழுதித்தான் இருந்தது, ஆங்கிலத்தில்.

டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு உம்மாவின் தோளை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். முதல் நாள் அலறிய அதே இடங்கள். உம்மா லேசாக முகம் சுளித்தார், அவ்வளவுதான்.

"சரியாச் சொல்லுங்க இத்தா. மொத நாள் எத்தனை?"

"ஒம்பது."

"இன்னிக்கு?"

உம்மா நிஜமாகவே யோசித்தார். "அஞ்சு. இல்ல, நாலரை."

"அப்ப நிறுத்த வேணாம். பாக்கிப் பத்து நாளும் வந்துடுங்க."

டாக்டர் எழுந்திருப்பதற்குள் உம்மா கம்மலைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுச் சிகிச்சை நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார்.