வெள்ளரிப்பழம் வெடிக்குமுன்

எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் வறுமை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். அது உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்பு வாத்தியார் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திப் பதில் சொல்லச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதுவும் ஒரு காரணம். நாகலாபுரத்துப் பக்கத்து ஊரில் தமிழில் பேசாமல் இருந்தவன், திருச்சானூருக்கு லாட்ஜ் வேலைக்கு வந்த பிறகு தெலுங்கிலும் பேசாமல் இருந்தேன்.

இப்படிப்பட்டவன் வாரம் ஒருமுறை போனில் பேச வேண்டி வந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த கையோடு என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். எங்கள் தெருவில் ஏற்கனவே சில பெண்கள் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுத் தகரக் கூரையெல்லாம் மச்சு ஆகியிருந்தது. "ரெண்டே வருசம். நம்ம வூட்டுக்கும் மச்சு போட்டுட்டு வந்துடறேன்" என்றாள். போகாதே என்று சொல்ல நினைத்தேன். அதை நினைத்து முடிப்பதற்குள் விசா வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாயங்காலம் கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். பூத்தை நடத்தியது ஒரு தெலுங்குக்கார அக்கா. கண்ணாடிக் கூண்டின் கதவைச் சாத்தினால் உள்ளே இட்லி மாதிரி வெந்துபோவோம் என்பதால் அது எப்போதும் திறந்தே இருக்கும். வாசல் பெஞ்சில் குவைத், துபாய், அமெரிக்கா என்று ஆளுக்கொரு தேசத்துக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மின்விசிறிதான்.

"துன்னியா?" என்று கேட்பாள்.

"துன்னுட்டேன்."

"ஒடம்பு நல்லாகீதா?"

"ம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"ஏன்யா, இந்த 'ம்'முக்கா நான் வாரம் பூரா காத்துக்கினு கீறேன்? இதை நாய் கூட சொல்லும். ஏதாச்சும் சேதி சொல்லு."

ரிசீவரைத் தாண்டி வரும் அவள் குரலைக் கேட்டுப் பெஞ்சு சிரிக்கும். அக்கா மட்டும் என் பக்கம். "மாட்லாடு அன்னா, மாட்லாடு!" பேசு, பேசு என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஊக்குவிப்பாள்.

சேதிக்கு எங்கே போவது? காலையில் லாட்ஜில் அறை கூட்டுகிறேன், மத்தியானம் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன், மறுநாளும் அதையே செய்கிறேன். ஊர் வம்பு சொல்லலாம் என்றால் வம்புக்காரர்கள் எல்லாரும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தேன். வாரத்துக்கு வாரம் மாறுவதாக என் வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும். அப்படித்தான் கொல்லையில் தோட்டம் போட்டேன். ருசிக்காகவும் இல்லை, சிக்கனத்துக்காகவும் இல்லை. போனில் சொல்ல எனக்குச் சரக்கு வேண்டியிருந்தது.

கோடைத் தண்ணீருக்கு லாட்ஜ் கை கொடுத்தது. அப்போதுதான் முதலாளி மாடி அறைகளுக்கெல்லாம் ஏ.சி. மாட்டியிருந்தார். பின்சுவரில் சொட்டுச் சொட்டாக வடிந்து வீணாகும் நீரை வாளி வைத்துப் பிடித்து, கேனில் ஊற்றி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவேன். ஐதராபாத்திலிருந்து சாமி கும்பிட வந்த குடும்பங்கள் குளிரக் குளிர உறங்கினால் என் வெண்டைக்குத் தண்ணீர். கரண்டு போனால் அவர்களோடு சேர்ந்து நானும் வருந்தினேன்.

"வெண்டை பூ வுட்டுகீது" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன்.

"இன்னா கலரு?" என்றாள்.

"மஞ்சா. நடுவுல கருஞ்சிவப்பு."

"அப்புறம்?"

அவள் 'வேற' என்று கேட்காமல் 'அப்புறம்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் கத்திரியில் பூச்சி. அதற்கடுத்த வாரம் புடலங்காய் வளைந்துபோனதால் நுனியில் கல் கட்டினேன். பெஞ்சிலும் கதை கேட்க ஆரம்பித்தார்கள். நான் போவதற்குள், "கத்திரிக்குச் சாம்பல் தூவினியா?" என்று விசாரிப்பார்கள்.

அவர்களில் முக்கியமானவர் மடப்பள்ளி சாமி. மலைமேல் கோயில் சமையலில் இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் பேசுவான் என்று வருவார். அவன் பேசினாலும் பேசாவிட்டாலும் என் போன் முடியும் வரை நகரமாட்டார்.

மாசியில் ஊன்றிய வெள்ளரிக்கொடி சித்திரையில் பிஞ்சு விட்டது. பிஞ்சுகளைப் பார்க்க வேண்டும் என்று சாமியே வீட்டுக்கு வந்துவிட்டார். "அடடே, இதோ ஒண்ணு!" என்று ஆள்காட்டி விரலை நீட்டினார். பிஞ்சுக்கு விரல் நீட்டக்கூடாது, அழுகிவிடும் என்பார்கள். விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தெற்கு, மேற்கு என்று எல்லாப் பிஞ்சையும் எண்ணிக் காட்டிவிட்டார்.

அந்த வாரமே ஒன்றைத் தவிர எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. லாட்ஜில் ஏ.சி. பழுதாகி எனக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் பூத் அக்கா சாமியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஆ வேலே, ஆ வேலே!" அந்த விரல்தான் என்று தெலுங்கில் விரலுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தாள். சாமி அதன்பிறகு மிச்சமிருந்த ஒற்றைக் காயைப் பார்க்க வரும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முகவாயால் காட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி போனில் கேட்டாள்.

"ரெண்டு வருசம் முடியப் போவுது. மச்சு போட்டாச்சு. மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருன்றாங்க. இருந்தா மாடி மேல ஒரு ரூம் எடுக்கலாம். நீ இன்னா சொல்ற? இருக்கட்டா, வந்துடட்டா?"

பெஞ்சில் பேச்சு நின்றது. யாரோ மின்விசிறியைக் கூட நிறுத்திவிட்டார்கள். வந்துடு என்ற சொல் என் தொண்டை வரை வந்து, அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"வெள்ளரிக்காய் பெருசாகீது" என்றேன்.

"நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற! அடுத்த வெள்ளிக்கெழம பதில் சொல்லு. மேடம் டிக்கெட்டு எடுக்கணும்."

சாமி தலையில் அடித்துக்கொண்டார். "'வா'. ஒரே ஒரு எழுத்து. இதுக்குக் கீழே பாஷையிலே எதுவும் இல்லையேப்பா. எங்க சொல்லு, வா."

"வா" என்றேன்.

"என்கிட்டே நன்னாச் சொல்றே. அவகிட்டே சொல்லு."

அந்த வாரம் முழுக்க அறை கூட்டும்போது விளக்குமாற்றிடம் வா, வா என்று சொல்லிப் பழகினேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு பெரியவர், கூப்பிட்டது தன்னைத்தான் என்று நினைத்து அறைக்குள் வந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை எனக்காகப் பூத்தையே காலி செய்திருந்தார்கள். பெஞ்சைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, எல்லாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதுகெல்லாம் என்னையே பார்ப்பது போலிருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மணி அடித்தது.

"சொல்லு" என்றாள்.

வேர்த்துக் கொட்டியது. "காய் பழுத்துக்கினு வருது" என்றேன்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"சந்தனம் பூசுன மொட்டை மாதிரி கலரு. ஒண்ணுதான் நின்னுச்சு. வெயிலு இப்படியே அடிச்சா வெடிச்சுடும்."

"எப்போ வெடிக்கும்?"

"ஒரு வாரம், பத்து நாளு. அது யாருக்கும் காத்துக்கினு இருக்காது."

"வெல்லம் கீதா வூட்ல?"

"வாங்கணும்."

"வாங்கி வையி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் எல்லா முதுகும் முகமாயிற்று. "சொல்லிட்டியா?" என்றார் சாமி. "இல்ல சாமி" என்றேன். அன்று யாரும் என்னோடு பேசவில்லை. பூத் அக்கா கூட, வரும் போனுக்கு வாங்கும் காசில் மிச்சச் சில்லறையை மேசையில் வைத்தாளே தவிர என் கையில் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா சைக்கிளை மறித்தாள். குவைத்திலிருந்து சேதி வந்ததாம். டிக்கெட் எடுத்தாயிற்று, மீனம்பாக்கத்துக்கு வர வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது பழம் தாங்குமா என்பதுதான். ஒரு நாளைக்கு இரண்டு தரம் போய்த் தடவிப் பார்த்தேன். ஈரத்துணி போட்டேன், ஓலை மறைத்தேன். அவள் வரும் அன்று காலையில் தோலில் மெல்லிய கோடு ஓடியிருந்தது. சாமியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். "கை வைக்கமாட்டேன், விரலும் காட்டமாட்டேன்" என்று குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் பெட்டியும் அவளுமாகத் திரும்பி வந்தோம். பஸ் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். ஏன் போகிறாய் என்று மேடம் கேட்டாராம். பழம் துன்னப் போகிறேன் என்றாளாம். மேடம் குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பழமாக எடுத்து, இதுவா, இதுவா என்று கேட்டாராம். பெட்டி காலியாகும் வரை இவள், இது இல்ல, இது இல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

கொல்லையில் சாமி மேல்துண்டு இல்லாமல் வெற்று உடம்போடு நின்றார். பூணூல் வேர்வையில் ஒட்டியிருந்தது. துண்டு வெள்ளரிப்பழத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"டப்புனு ஒரு சத்தம். பாம்புதான் விழுந்துடுத்துன்னு குடையை விட்டெறிஞ்சுட்டேன். பார்த்தா வாயைப் பிளந்துண்டு நிக்கறது. சிந்தப்படாதேன்னு கட்டிட்டேன். நான் தொடலை, துண்டுதான் தொட்டது."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். துண்டை அவிழ்த்ததும் வாசனை தெரு வரை போயிருக்க வேண்டும். பூத் அக்காவும் வந்துவிட்டாள். பூத்தைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் வெல்லத்தை நசுக்கித் தூவினேன். முதல் வாயை என் மனைவி தின்றாள்.

"மாவு மாதிரி கீது. இன்னும் கொஞ்சம் வெல்லம் போடு" என்றாள்.

சாமியால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம். இவன் உன்னை வான்னு சொன்னானா இல்லையா? நாங்க எல்லாரும் தெருவிலே காதைத் தீட்டிண்டு உக்காந்திருந்தோம், ஒண்ணும் விழலை."

"சொன்னாரே."

"எப்போ?"

அவள் விதையைத் துப்பிக் கையில் எடுத்து, ஒரு தடவை பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். "வெண்டை பூ வுட்டப்பவே சொல்லிட்டாரு சாமி. நாந்தான் மச்சு முடியட்டும்னு இருந்துட்டேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. நசுக்க வெல்லம் இன்னும் நிறைய இருந்தது.