மாதாவின் தேய்ந்த முகம்

டெக்சஸில் ஆலன் நகரத்துக்கு நான் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் பாதிக்கு மேல், ஒரு சிறிய இறையியல் கல்லூரியின் நூலகத்தில் பழைய புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையில் கழிந்துவிட்டது. எங்கள் தெருத் தமிழர்கள் எல்லோரும் ஐ.டி.க்காரர்கள். என்னை மட்டும் "சர்ச் புக்ஸ் பாக்குறவங்க" என்று சொல்வார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் டாக்டர் அங்கிள் வந்தார். திருநெல்வேலிக்காரர். சிறுநீரக மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை காலை, மெல்லிய பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை என் டைனிங் டேபிளில் வைத்து அவிழ்த்தார். உள்ளங்கை அளவில் ஒரு ஜெபப் புத்தகம். கன்றுத்தோல் தாள்கள், கையால் எழுதிய லத்தீன், ஓரமெல்லாம் பூவும் கொடியும். நடுவில் ஒரு முழுப்பக்கப் படம்: குழந்தையோடு தேவமாதா. மாதாவின் முகம் மட்டும் தேய்ந்து, கண்ணும் மூக்கும் இருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது.

"என் பேஷண்ட் ஒரு அம்மா குடுத்தாங்கம்மா. பிள்ளைங்க கிடையாது. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல. அவங்க போயி ஆறு வருஷமாச்சு. பூஜை ரூம்ல முருகன் பக்கத்துல வச்சிருந்தேன்."

"இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கீங்க அங்கிள்?"

"இது எந்த ஊரு, எந்தக் காலம்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. எனக்காவது தெரியட்டுமேன்னு பாத்தேன்."

என் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிப் புத்தகத்தை நூலகத்துக்கு எடுத்துப் போனேன். இந்த வகைப் புத்தகத்தில் எழுதியவர் பெயரோ ஊரோ இருக்காது. ஆனால் முதல் பன்னிரண்டு தாள்களில் புனிதர்களின் திருநாள் பட்டியல் இருக்கும். எல்லா ஊருக்கும் பொதுவான பெரிய திருநாட்களை விட்டுவிட்டு, வேறு யாருடைய நாள் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் பிரான்சின் ருவான் நகரத்தில் ஆயர்களாக இருந்த இரண்டு புனிதர்களின் நாட்கள் சிவப்பில் இருந்தன. வேறு ஊர்க்காரர்கள் அவர்களுக்கு அத்தனை மரியாதை கொடுத்ததில்லை. நகரத்துக்கு நகரம் மாறும் சில ஜெப வாசகங்களையும் ஒப்பிட்டேன். அவையும் ருவானையே காட்டின. எழுத்தின் வடிவம் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதி.

போனில் சொன்னபோது அங்கிள் உடனே பிடித்துக்கொண்டார். "நம்மூர் காலண்டர்ல நெல்லையப்பர் தேரோட்டம் போட்டிருப்பான், மெட்ராஸ் காலண்டர்ல தேடுனாலும் இருக்காது. அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான் அங்கிள்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "படமும் அப்ப வரைஞ்சதுதான். எத்தனையோ தலைமுறை முத்தம் குடுத்துக் குடுத்துத்தான் முகம் அப்படித் தேஞ்சிருக்கு" என்றும் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கே தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பட்டியலுக்காகப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து ஓவியர்கள் முதலில் பொன் தகட்டை ஒட்டிவிட்டு அப்புறம்தான் வண்ணம் தீட்டுவார்கள். இதில் வண்ணத்துக்கு மேலே பொன் தகடு இருந்தது. படம் பின்னால் வரைந்ததாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கருவி வைத்துப் பார்த்தபோது மாதா உட்கார்ந்திருந்த புல்வெளியின் பச்சையில் குரோமியம் இருப்பது தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் அந்தப் பச்சை கிடையாது. புத்தகம் பழையதுதான், படத்தை யாரோ பின்னால், நல்ல விலைக்குப் போகட்டும் என்று, ஒரு வெற்றுத்தாளில் வரைந்து சேர்த்திருக்கிறார்கள்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரே அவர் வீட்டுக்கே டிரைவ் பண்ணிப் போனேன். ஆன்ட்டி காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என் மேல்தான், அவசரப்பட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

அங்கிள் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அந்த முகம் எப்படித் தேஞ்சுது?"

"தெரியல அங்கிள். வேணும்னே தேச்சும் வித்திருக்கலாம்."

"இல்லம்மா." அவர் குரல் இறங்கியது. "வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு வருவாங்க. ஒன்பது வருஷம். ஊசி போடுறதுக்கு முன்னாடி இதைத் திறந்து, விரலை உதட்டுல வச்சு, அந்த முகத்தைத் தொடுவாங்க. அப்புறம்தான் கையை நீட்டுவாங்க. நீ முத்தம்னு சொன்னப்ப, அந்த வரிசையில இவங்க கடைசி ஆளுன்னு எடுத்துக்கிட்டேன். ஆனா எனக்கு முதல்ல காட்டுனப்ப கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது. இது என் நினைப்பு இல்ல, நான் பாத்தது."

முகத்தின் தேய்மானத்தை ஐந்நூறு வருஷப் பழக்கம் என்று படித்தவள் நான். அவர் அதை ஒரு நோயாளியின் விரலாகப் பார்த்திருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏதோ ஆறுதலாகவும் இருந்தது. ஆன்ட்டி காபியை எடுத்துப் போய் மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்தார்.

அந்த மாதமே அங்கிள் புத்தகத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பட்டியலில் நான் எழுதியது: எழுத்து: ருவான், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதி; படம்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிறகு; மாதாவின் முகத் தேய்மானம்: முந்தைய உரிமையாளர் டெக்சஸில் பயன்படுத்தியதால், அவருடைய மருத்துவர் சொன்னபடி. கடைசி வரி தேவையா என்று மேலதிகாரி கேட்டார். நேரில் பார்த்தவரின் சாட்சி, இதைவிட உறுதியான தகவல் இந்தப் புத்தகத்தைப் பற்றி நம்மிடம் இல்லை என்றேன். வரி தங்கியது.

போன டிசம்பரில் அங்கிள் அதைப் பார்க்க வந்தார். படத்தைத் திறப்பார் என்று நினைத்தேன். திருநாள் பட்டியலைப் புரட்டி, மார்ச் மாதத்தில் ஒரு தேதியில் நிறுத்தினார். அந்த அம்மா இறந்த நாள். அந்த இடம் காலியாக இருந்தது. பழைய உரிமையாளர்கள் வீட்டில் யாராவது இறந்தால் இப்படிக் காலியான இடங்களில் எழுதி வைப்பார்கள் என்று சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டார்.

"அங்கிள்..."

"பயப்படாத, எழுத மாட்டேன்" என்று சிரித்தார். பிறகு ஒரு துண்டுத்தாள் கேட்டு வாங்கி, தேதியையும் அந்த அம்மாவின் பெயரையும் டாக்டர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். படிக்க முடியவில்லை, அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டுக் கீழே தெளிவாக எழுதி, புத்தகத்தின் கோப்பில் சேர்த்தேன்.