பெண்டாட்டியைப் பார்க்க வந்த வேலையில்லாதவன்

வேலையில்லாதவன் செய்யும் வேலைகளில் மிகவும் சிரமமானது, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான். அதை நான் மூன்று மாதம், சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் குடிநுழைவு மேஜைக்கு முன்னால் நின்று பார்த்தேன்.

ஜொகூரில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். எந்தத் துண்டிலும் கிராணிக்கு இடமில்லை. மனைவி சரோஜா சிங்கப்பூரில் நர்ஸ். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேலே மாடியறையில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவிலிருக்கும் பாலத்தைத் தாண்ட பாஸ்போர்ட் வேண்டும் என்று ஆன புதிது. வேலை தேடி வருகிறான் என்று சந்தேகப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் என்னை உள்ளே விடுவார்களா என்பதே என் பயம்.

டை கட்டிய நாள்

மரியாதையான ஆளாகத் தெரிந்தால் கேள்வி குறையும் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டை, தோட்டத்து துரை ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற டை, கக்கத்தில் சான்றிதழ்க் கோப்பு. மேஜையில் பெரிய மீசை வைத்த தமிழ் அதிகாரி இருந்தார். "பெண்டாட்டியைப் பார்க்க வந்தேன் சார்" என்றேன். அவர் கோப்பை வாங்கிப் புரட்டினார். தட்டச்சு, சுருக்கெழுத்து, மேனேஜர் கொடுத்த நற்சான்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "உங்க பெண்டாட்டி இன்டர்வியூ பண்ணித்தான் உங்களை வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

கழுத்தில் இருந்த அத்தாட்சி

அடுத்த தடவை டையும் இல்லை, கோப்பும் இல்லை. "கல்யாணம் ஆனதுக்கு அத்தாட்சி?" என்றார் மீசைக்காரர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மேளம் கொட்டித் தாலி கட்டியதோடு சரி, பதிவு கிதிவு என்று யார் அலைந்தார்கள்? "அத்தாட்சி அவ கழுத்துல இருக்கு சார். உள்ள விட்டீங்கன்னா காட்டுறேன்" என்றேன். முறைத்துவிட்டு ஒரே ஒரு நாளுக்கு முத்திரை குத்தினார். இனி வெறுங்கையோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார்.

அதனால் மறு தடவை, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மாலையும் தலைப்பாகையுமாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற படம். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "இதுல இருக்கிறவருக்கு வேலை இருக்கிற மாதிரி தெரியுதே, நீங்கதானா?" என்றார்.

கறுப்பு டின்

பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தந்தி வந்தது. சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே பிறந்துவிட்டது. மாமியார் கிண்டித் தந்த பிரசவ லேகியத்தைப் பால்மாவு டின்னில் அடைத்துக்கொண்டு ஓடினேன், முகச்சவரம்கூடச் செய்யவில்லை. சுங்கத்துச் சீனர் டின்னைத் திறந்தார். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்ததும் அபின் என்றே முடிவு கட்டிவிட்டார். "மருந்து" என்று மலாயில் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, லா" என்றார். நிரூபிக்க ஒரு கை அள்ளித் தின்றேன். சுக்கும் மிளகும் தொண்டையைப் பிடித்தன. நம்பவில்லை. இன்னொரு கை.

சத்தம் கேட்டு மீசைக்காரர் வந்தார். டின்னை மோந்து பார்த்தார். சீனரிடம் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு, "என்ன குழந்தை?" என்றார். "பொம்பளைப் பிள்ளை சார். நான் இன்னும் பார்க்கல" என்றதும் என் கண் கலங்கிவிட்டது, காரத்தினால் மட்டுமல்ல. அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. முத்திரையைக் குத்தி பாஸ்போர்ட்டை நீட்டினார்: "ரெண்டு வாரம் போட்டிருக்கேன். மிச்சம் இருக்கிற லேகியத்தையாவது பிள்ளை பெத்த பொண்ணுகிட்ட கொண்டுபோய்க் குடுங்க."

பிறகு ஜொகூரிலேயே மூவாரில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது, "என்ன வேலை?" என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருந்தது, அந்த மேஜைக்குப் போய்ச் சொல்வதற்குத்தான் லீவு இல்லை.